கிளச்சு இல்லாத வண்டி

கார் விற்கிற வேலையில் காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களைக்கூட சமாளித்துவிடலாம், எல்லாம் தெரிந்தவர்கள் வந்தால்தான் உயிர் போகும். கடையில் நின்று எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். புடவையோ பாத்திரமோ, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு "அப்புறமா வரேன்" என்று கிளம்புகிறவரைப் பார்த்து நீங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்தானே?

நான் விற்றது பேட்டரி கார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஹைபிரிட் என்ற பேர் பேப்பரில் அடிபட ஆரம்பித்த சமயம் அது. புதுச்சேரியில் எங்கள் ஷோரூமில் சேல்ஸும் நான்தான், டெமோ ஓட்டிக் காட்டுவதும் நான்தான். ரெண்டே கதவு, தீப்பெட்டி மாதிரி வண்டி. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டதால் என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஆயுத பூஜைக்குள்ள ஒரு வண்டியாவது போவலன்னா இடத்த டைல்ஸ் கடைக்கு உட்டுருவேம்மா. வருத்தப்படாத" என்றார். வருத்தப்படாமல் எப்படி இருக்கிறதாம்?

ஸ்டார்ட் ஆச்சா?

தவளக்குப்பத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். காலேஜில் வேலை பார்க்கிற மகளுக்கு வாங்கித் தரவேண்டுமாம். எனக்குக் கும்பிடத் தோன்றியது. அவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். திருப்பினார். சத்தம் வரவில்லை. "இன்னாம்மா, ஸ்டார்ட்டே ஆவல?" "ஆயிட்டுதுங்க ஐயா, இது சத்தம் போடாது." மனுஷர் நம்பினால்தானே! "சும்மா சொல்லாத, இப்ப பாரு" என்று நான் தடுப்பதற்குள் கியருக்குப் பதிலாக இருக்கிற திருகை முன்பக்கம் திருப்பி ஆக்சிலேட்டரில் ஒரே மிதி.

வண்டி நேராக வாசல் கண்ணாடியைப் பார்த்துப் பாய்ந்தது. ஹேண்ட் பிரேக்கை நான் எப்படி இழுத்தேன் என்று இன்னைக்கும் தெரியாது. கண்ணாடிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. முதலாளி உள்ளேயிருந்து செருப்புகூட போடாமல் ஓடி வந்தார். விவசாயி இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சத்தம் குடுக்காம வர்றது எனுக்கு ஆவாதும்மா. பாம்பா இருந்தாலும் சரி, காரா இருந்தாலும் சரி."

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி

முத்தியால்பேட்டையில் ஒரு பல் டாக்டர். நல்ல மனுஷர், ஆனால் கார் பைத்தியம். அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர். டீச்சரின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர், எல்லாருக்கும் அவர் 'முசியே', பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்பது போல. மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக எங்கள் ஷோரூமுக்கு வந்துவிடுவார்கள். டாக்டர் பேட்டரி கட்சி. முசியே ஹைபிரிட் கட்சி, அவர் வாயில் அது 'இப்ரித்'. டீச்சர் எந்தக் கட்சியும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவார்.

"ஹைபிரிட்டுல எஞ்சினும் இருக்கு, மோட்டாரும் இருக்கு. ரெண்டு பொண்டாட்டிக்காரன் கததான் மச்சான், ரெண்டுத்துக்கும் அழுவணும்" என்பார் டாக்டர். "நோன், நோன்! ஒண்ணு கைய உட்டா இன்னொண்ணு கஞ்சி ஊத்தும் மாப்ள. உன் பேட்டரி நடுரோட்டுல படுத்துதுன்னா யாரு கஞ்சி ஊத்துறது?" என்பார் முசியே. அப்புறம் ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பி, "நீயே சொல்லும்மா" என்பார்கள். பேட்டரி என்றால் முசியேவுக்குக் கோபம் வரும். ஹைபிரிட் என்றால் என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் டீ சொல்லி அனுப்புவேன், வேறென்ன செய்ய?

டீச்சர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "இதுல கிளச்சு எங்க இருக்கு?" என்று கேட்டார். "கிளச்சே கிடையாது டீச்சர், கியரும் கிடையாது" என்றேன். முகம் மலர்ந்து இன்னும் ஏதோ கேட்க வந்தார். அதற்குள் டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "நீ சும்மா இரு ஸ்டெல்லா. கிளச்ச தேச்சே ஒரு வண்டிய காலி பண்ணவ நீ."

கனகசெட்டிக்குளம்

பூஜை நெருங்கிவிட்டது. அப்போது டாக்டர் ஒரு முடிவோடு வந்தார். "கனகசெட்டிக்குளம் எல்லை வரைக்கும் போயி, திரும்பி வந்துட்டா இன்னிக்கே அட்வான்ஸ்" என்றார். "திரும்பலன்னா நீ இப்ரித்தான் வாங்கணும்" என்று முசியே பந்தயம் கட்டினார். ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்த வண்டி, எனக்கென்ன பயம்? ஆனால் கிளம்பும்போது சார்ஜ் காட்டுகிற முள் முழுசாக நிற்கவில்லை, ஒரு மாதிரி இறங்கியிருந்தது. வாசல் வரை வந்தவரிடம் "கொஞ்சம் இருங்க" என்று சொன்னால் அத்தோடு போயிற்று. சாமி மேல் பாரத்தைப் போட்டுக் கிளம்பினேன். முன்னால் டாக்டர். குழந்தைகள் உட்காருகிற பின்சீட்டில் முசியேவும் டீச்சரும் முட்டியை மோவாயில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

காலாப்பட்டு தாண்டும்போது முள் பாதிக்கும் கீழே. ஏசியை அணைத்தேன். "ஏம்மா நிறுத்துன?" "கடல் காத்து நல்லா வருதுங்க டாக்டர்." காற்றும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, எனக்கு முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது. எல்லைக்கு வந்ததும் திரும்பலாம் என்று பார்த்தால் டாக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போயேன்!" போனேன். தமிழ்நாட்டுக்குள் நுழைந்து நாலு கடை தாண்டியதும் வண்டி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்து, அப்படியே நின்றுவிட்டது. அங்கே பவர் கட், கடைக்காரர்கள் விசிறியும் கையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லைக்கு அந்தப் பக்கம், நம்ம புதுச்சேரியில், ஐஸ் கடை மிஷின் ஜோராக ஓடுகிறது. ஒரே ரோடு, நடுவில் ஒரு போர்டு, அந்தப் பக்கம் கரண்ட், இந்தப் பக்கம் கட்.

தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. "டீச்சர், நீங்க ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கோங்க" என்று அவரை முன்னால் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் பின்னால் கை வைத்தோம். பஸ்ஸுக்கு நின்ற மீன்காரப் பெண்கள் ரெண்டு பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு உதவிக்கு வந்தார்கள். மூச்சு வாங்குகிறது, அப்பவும் மச்சானும் மாப்பிள்ளையும் ஹைபிரிட் சண்டையை விட்டபாடில்லை. "இன்னாம்மா அது ஐபிரிட்டு?" என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள். "பாதி பெட்ரோல்ல ஓடும், பாதி கரண்ட்ல ஓடும்க்கா" என்றேன். அவள் வண்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டிச் சொன்னாள்: "அப்ப இதுவும் ஐபிரிட்டுதான்! வரச்ச கரண்ட்ல வந்துது, போவச்ச எங்க கையால போவுது."

சீரியல் பல்பு

ஐஸ் கடைக்காரர் புண்ணியவான், வண்டியில் கிடந்த இன்னொரு ஒயரை மாட்டிக்கொள்ள பிளக் கொடுத்தார், ரெண்டு மூணு மணி நேரம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திரும்பி வரும் வழியில் அட்வான்ஸ் பேச்சை டாக்டர் எடுக்கவே இல்லை, முசியே மட்டும் மெதுவாக விசில் அடித்துக்கொண்டு வந்தார்.

ஷோரூமுக்கு வந்து பார்த்தால் கிளம்பும் அவசரத்தில் வண்டிப் பக்கம் மட்டும் பிடுங்கிப் போட்ட சார்ஜர் ஒயர், சுவர்ப் பக்கமும் கழன்று சுருண்டு தரையில் கிடக்கிறது. அது இருந்த பிளக்கில் சாமி படத்துச் சீரியல் பல்பு சிவப்பும் பச்சையுமாக மின்னுகிறது. "யார் புடுங்கினது இத?" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. முதலாளி ரொம்பச் சாந்தமாக வெளியே வந்து சொன்னார்: "நேத்து சாயங்காலம் நான்தாம்மா மாத்துனேன். விசேஷம் வருது, சாமி படம் இருட்டா இருந்தா யாவாரம் எப்படி ஆவும்?"

ஸ்வீட் பாக்ஸ்

பூஜைக்கு முதல் நாள். டைல்ஸ் கடைக்காரர் டேப்பை வைத்துத் தரையை அளந்துகொண்டிருந்தார். என் மேஜையைக்கூட நகர்த்தி அளந்தார், நான் நாற்காலியோடு நகர்ந்து கொடுத்தேன். அப்போது வாசலில் ஹாரன் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன். டாக்டர்! லாரிக்குத் தம்பி மாதிரி பெரிய புது வண்டியில், மாலையோடு. பக்கத்தில் முசியே, பின்னால் டீச்சர்.

டாக்டர் இறங்கி வந்து ஸ்வீட் பாக்ஸை நீட்டினார். எடுத்து வாயில் போட்டேன். வேப்பங்காயாகக் கசந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கிக் கொடுத்தேனே, அந்த டீயைத் திருப்பிக் கேட்கலாம் போல ஆத்திரம். அவரோ மனசார என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: "எலெக்ட்ரிக்கும் ஹைபிரிட்டும் எனக்கு நல்லா புரிஞ்சதே உன்னாலதாம்மா. அதான் ரெண்டும் வேணாம்னு டீசல் எடுத்துட்டேன்!"

சோபா

ஆயுத பூஜை காலை. கடைசியாக ஒரு தடவை பொட்டு வைத்துவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஸ்டெல்லா டீச்சர், தனியாக. வழக்கமான சோபா பக்கமே போகாமல் நேராக என்னிடம் வந்தார். கைப்பையிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்தார். வருஷக்கணக்காக வெளியே எடுக்காததில் அது பிளாஸ்டிக் உறைக்குள் புத்தம் புதுசாக இருந்தது. "நேத்து அவரு வண்டி எடுத்துட்டாரு. இன்னிக்கி நான் எடுக்கறேன். என் சம்பளம், என் லோனு" என்றார். "டாக்டர்கிட்ட கேட்டுட்டீங்களா?" என்று உளறிவிட்டேன். முதலாளி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். டீச்சர் சிரித்தார். "எனுக்கு ஸ்கூலு, கோயிலு, மார்க்கெட்டு. கனகசெட்டிக்குளத்துல எனுக்கு யாரு இருக்கா? அன்னிக்கி நீங்கள்லாம் தள்ளுனப்ப நான் ஸ்டியரிங்கப் புடிச்சனே, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

முதலாளி டைல்ஸ்காரருக்குப் போன் போட ஓடினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டி எதிரில் எதுவும் தெரியவில்லை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். டீச்சர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். சத்தம் வரவில்லை, ஆனால் அவர் "ஸ்டார்ட் ஆச்சா?" என்று கேட்கவில்லை. இடது காலை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் நசுங்க வண்டியை நகர்த்தியபடியே ஜன்னல் வழியாகச் சொன்னார்: "இதுலதான் கிளச்சே இல்லியே. இனிமே அவரு இன்னா குத்தம் சொல்றாருன்னு நானும் பாக்கறேன்."

அன்றிலிருந்து, பேட்டரி நல்லதா ஹைபிரிட் நல்லதா என்று யார் வந்து கேட்டாலும், வாய் பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும், என் கண் மட்டும் சோபாவில் பேசாமல் உட்கார்ந்திருப்பது யார் என்று தேடும்.