ஜாவாவுக்குப் போன அத்தான்

அண்டை நாட்டு மேடானிலிருந்து எங்கள் பினாங்குக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தைக் கடக்க என் அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நோய் வேண்டும். போன மாதம் வலது கண்ணில் புரை. மேடான்காரர்கள் பலர் வைத்தியத்துக்கு இங்கேதான் வருகிறார்கள். அக்காவும் வந்தாள், ஜெலுத்தோங்கில் என் வீட்டில் தங்கினாள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். எழுபத்து நான்கு வயதில் அவளும் அங்கே தனி, பிள்ளைகள் இல்லை. இந்த முறை அவளைத் திரும்ப விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். அவளுக்கென்று ஒரு கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டேன்.

காலையில் ரொட்டி சானாய்க் கடையில் எங்கள் ஊர்க்காரர்கள் மந்திரிகளைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. அக்கா என் கையைப் பிடித்து, "மெதுவாப் பேசுடி, பின்னால ஆளு உட்கார்ந்திருக்கு" என்பாள். பின்னால் இருந்தவர், பாவம், ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாழும் தீவுகளை ஒரு தளபதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். அதற்கும் வடக்கே இன்னொரு தீவு நாட்டை ஆண்டவரின் மனைவிக்கு எத்தனை ஜோடிச் செருப்பு என்று நாங்கள் இங்கே பேசிச் சிரித்தோம். அண்டை நாட்டுச் சர்வாதிகாரம் எங்களுக்கு வெறும் ஊர்க்கதை.

தளபதியின் காலத்தில்தான் அக்காவிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. அத்தான் பெலாவான் துறைமுகத்தில் வேலை செய்தவர். "அவர் ஜாவாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். அடுத்த கடிதத்திலும் அதே வரி. இரண்டு வருடம் கழித்தும் அதே. வீட்டில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: மனிதர் அங்கே ஒரு ஜாவாக்காரியோடு குடித்தனம் நடத்துகிறார். கடல் கடந்து பிழைக்கப் போன ஆண்கள் சிலர் அப்படிச் செய்ததைப் பார்த்த குடும்பம் எங்களுடையது. வேறு காரணம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. "அந்தத் தாலியைக் கழற்றி வீசு" என்று நானே அவளுக்கு எழுதினேன். அவள் பதில் எழுதவில்லை, தாலியையும் கழற்றவில்லை. மானங்கெட்டவள் என்று எத்தனையோ வருடம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

கண் தேறியதும் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கோயிலுக்குப் புறப்பட்டோம். பெர்ரிப் படகில் கூட்டமில்லை. வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இங்கயே இருந்துரு லா, அக்கா. அங்க உனக்கு யாரு இருக்கா? அந்த மனுசன்தான் ஜாவாக்காரி கூட..."

"ஜாவாக்காரியும் இல்ல, ஒருத்தியும் இல்லடி." எஞ்சின் இரைச்சலிலும் அவள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். "கூலி கூட்டிக் கேட்டவங்களோட சேர்ந்து நின்னாரு. காலையில ரெண்டு பேரு வந்தாங்க. ரெண்டே கேள்வி, கேட்டுட்டு அனுப்பிடுறோம்னாங்க. சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன். வந்து சாப்பிடுறேன்னு போனாரு."

ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"கடுதாசியெல்லாம் பிரிச்சுப் படிப்பாங்க."

"அந்த ஆளு ஆட்சி போய் எவ்ளோ வருசமாச்சு! அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"ஆட்சி போச்சு, பயம் போகலையே. அப்புறம்... நீங்க பேசுன பேச்சே எனக்கு நல்லா இருந்துச்சு. அதுல அவரு எங்கயோ உசிரோட இருந்தாருல்ல."

என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. அவள் தோளில் சாய்ந்து அழுதேன். நாற்பது வருடமாக அவளுக்காக நான் ஏங்கினேன், அவள் யாருக்காக ஏங்கினாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, இங்கேயே இருந்துவிடு என்று மறுபடியும் கெஞ்சினேன்.

"வீட்ட மாத்துனா அவருக்கு எப்படிடி தெரியும்? அந்த விலாசம் ஒண்ணுதான அவருக்குத் தெரியும்" என்றாள்.

அத்தானுக்கு இப்போது எண்பது இருக்கும். வியாழக்கிழமை அக்காவை நானே விமானம் ஏற்றிவிட்டேன். அவர் வந்து கதவைத் தட்டும்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும்.