சித்திரை வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவில் போயிருந்தேன். அக்கா மகள் கோமதிக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். பெயர் வைத்த விசேஷத்துக்கு என்னால் போக முடியவில்லை. இப்போதும் தலையைக் காட்டாவிட்டால் அக்கா என்னைத் தலைமுழுகிவிடுவாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. சித்திரை வெயில். ரோட்டுத் தாரில் செருப்பு ஒட்டுகிறது.

தெருவில் திரும்பும்போதே பிள்ளையின் அழுகை கேட்டது. உள்ளே போனால்... ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. ஃபேன் ஓடவில்லை.

"பச்சப்புள்ளைக்குக் காத்து ஆகாதுட்டி" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே முந்தானையால் விசிறினாள் — தனக்கு!

பிள்ளை? மஞ்சள் நிறத்தில் புசுபுசுவென்று ஒரு கம்பளி ஸ்வெட்டர். தலையில் குல்லா, அதன் உச்சியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குஞ்சம். கைக்கும் காலுக்கும் உறை. வெளியே தெரிந்தது முகம் மட்டும்தான். அதுவும் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"காலையிலருந்து இப்படித்தான் கத்துதான். இவளுக்குப் பால் பத்தல. டப்பாப் பால் வாங்கியாரச் சொல்லி அத்தானை அனுப்பியிருக்கேன்" என்றாள் அக்கா.

"இப்பத்தாம்மா வயிறு நெறயக் குடிச்சான்..." என்றாள் கோமதி. கண்கள் வீங்கியிருந்தன. எத்தனை நாளாக இந்தப் பேச்சைக் கேட்கிறாளோ, பாவம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளையை வாங்கிக் குல்லாவை உருவினேன். ஸ்வெட்டரைக் கழற்றினேன். உள்ளே நனைந்து கிடந்தான். கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். இரண்டு விசும்பல்... ஒரு கொட்டாவி... தூங்கிவிட்டான்.

கோமதி என்னையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பால் பத்தாத பிள்ளை இப்படியா தூங்கும்?

கம்பளி ஸ்வெட்டரோடு எனக்கு வாய்க்கால் வரப்புத் தகராறு ஒன்றும் இல்லை. ஊட்டியில் ஒரு ஜனவரி மாதம் போட்டிருக்கிறேன். கழற்றவே மனசு வராது, அப்படி ஒரு சுகம். ஆனால் சங்கரன்கோவிலில்? இங்கே அதற்கு உள்ள ஒரே வசதி, துவைத்துப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். இந்த ஊரில் எதுதான் காயாது?

அக்கா பீரோவைத் திறந்து காட்டினாள். இன்னும் ஏழு செட்! பிள்ளை பார்க்க வந்தவர்கள் தந்ததாம். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றுகூட இல்லை. கொடுத்தால் கௌரவக் குறைச்சல் ஆயிற்றே! புசுபுசுவென்று இருந்தால் தூக்குகிறவர் கைக்கு இதம், போட்டோ எடுக்கிறவர் கண்ணுக்கு அழகு. பிள்ளைக்கு? அதற்குத்தான் வாய் பேச வராதே, அந்தத் தைரியம்தான் நமக்கு.

"அப்போ இதை ஏன் போடுதீங்க? பீரோவிலேயே கெடக்க வேண்டியதுதானே?"

"குடுத்தவுக வரும்போது போட்டுக் காட்டலன்னா மூஞ்சியத் தூக்கிக்கிடுவாவட்டி. ஒரு வாரம் ஊரெல்லாம் பேசுவாவ."

ஆக, விருந்தாளியின் மூஞ்சி கோணக் கூடாது என்பதற்காகப் பிள்ளை வேக வேண்டும். பெற்றவளுக்குப் பால் இல்லை என்ற பழி வேறு. நன்றாக இருக்கிறது நியாயம்!

மஞ்சள் ஸ்வெட்டரைக் கோமதிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். "இந்தக் கருமத்தை வாங்கிக் குடுத்த புத்திசாலி யாருட்டி? அவளை இந்த வெயில்ல இதைப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கச் சொல்லு!"

அக்கா கோமதியைப் பார்த்தாள். கோமதி தரையைப் பார்த்தாள்.

"நீங்கதான் சித்தி... பேர் வைக்கும்போது ஆன்லைன்ல அனுப்புனீயளே. இன்னைக்கு வாரீயன்னுதான் காலைலயே போட்டோம்."

போனில் படத்தைப் பார்த்து, 'ஐயோ, என்னமா புசுபுசுன்னு இருக்கு!' என்று நான் அனுப்பியதுதான். கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடையாளம் எப்படித் தெரியும்?

அக்கா போனை எடுத்து, டப்பாப் பால் வேண்டாம் என்று அத்தானிடம் சொன்னாள். கோமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

அடுத்த தடவை போகும்போது துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துப் போகிறேன். அதைப் போட்டுக் காட்டட்டும்!