அவவுக்காகத் தேடிய ஊர்க்கோழி

என் மனைவி பிறந்ததிலிருந்து சைவம். நான் மச்சம் சாப்பிடுகிறவன். எனக்கு மீன் சமைக்கிற நாட்களில் குசினிக்கு வெளியே தனி அடுப்பு மூட்டி, தனிச் சட்டியில் சமைத்துத் தருவா. அந்தச் சட்டியைக் கழுவுவது மட்டும் என் வேலை. முப்பத்தொரு வருசம் இப்படியே ஓடியது. பிறகு அவவின் குடலில் புண் வந்தது.

முதலில் சாதாரண வயிற்றோட்டம் என்றுதான் நினைத்தோம். இரத்தம் போகத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், இது அடியோடு மாறுகிற வருத்தம் இல்லை, அடக்கி வைத்திருக்கத்தான் பார்க்கலாம் என்றார். குளிசை தந்தார். குளிசை போட்டும் அவ மெலிந்துகொண்டே போனா. கைக் காப்பைத் தள்ளினால் முழங்கை வரை ஏறியது.

அந்த நேரத்தில்தான் கனடாவில் இருக்கிற அவவின் தங்கச்சி ஒரு பட்டியல் அனுப்பினா. சோறு, மா, பால், சீனி, பருப்பு, மிளகாய் ஒன்றும் கூடாது. கோழி எலும்பு அவித்த தண்ணீர், கோழி இறைச்சி, முட்டை, அவித்த கரட், பூசணி, அவ்வளவுதான். கோழியும் பண்ணையில் வளர்த்த பாம் கோழியாக இருக்கக் கூடாது. வெளியில் திரிந்து கிண்டிப் பொறுக்கித் தின்ற ஊர்க்கோழியாக இருக்க வேண்டும். தீன் போட்டு வளர்த்த கோழி என்றால் புண் ஆறாதாம். அங்கே யாரோ ஒருவருக்கு இப்படிச் சாப்பிட்டே மாறிவிட்டதாம்.

நான் வாசிக்க வாசிக்க அவ கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. "செத்தாலும் பரவாயில்லை, எனக்கு ஏலாது" என்றா. இரண்டு நாள் கழித்து அவவே என்னைக் கூப்பிட்டா.

"இஞ்சருங்கோ, நயினாதீவு அம்மாளிட்டை ஒருக்காப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. சொல்லாமல் என்னாலை வாயிலை வைக்க ஏலாது."

வள்ளம் ஏறிப் போனேன். சந்நிதியில் நின்று என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில் இல்லை. கோழி என்ற சொல்லை அங்கே வாய்விட்டுச் சொல்லக் கூசியது மட்டும் நினைவிருக்கிறது.

கந்தோரில் கடதாசிகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். சந்தைக்குப் போனாலும் அவ எழுதித் தந்ததை வாங்கி வருவேனே தவிர, எதையும் பார்த்துத் தெரிவு செய்யத் தெரியாது. ஊர்காவற்றுறைச் சந்தையில் ஒருவர் ஊர்க்கோழி முட்டை என்று தந்த மண்ணிற முட்டைகளைச் சந்தோசமாகக் கொண்டு வந்தேன். பழசா புதுசா என்று பார்ப்பதற்குத் தண்ணீரில் போட்டேன். முட்டைகள் அடியில் படுத்துத்தான் கிடந்தன, புதுசுதான். ஆனால் தண்ணீர் தேத்தண்ணி மாதிரி நிறம் மாறியது. தேயிலைச் சாயம். தேய்த்துக் கழுவியதும் ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்ற பாம் முட்டையாக என் கையில் இருந்தது. அவவுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் நானே அவித்துத் தின்றேன்.

அதன் பிறகு எங்கள் ஊர் கரம்பொன்னிலிருந்து சைக்கிளில் ஊர் ஊராகத் திரிந்தேன். நாரந்தனையில் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் முற்றத்தில் நின்றன. அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு பேட்டுக் கோழியைப் பிடித்து மடியில் வைத்து, நெஞ்செலும்பின் நுனியை அழுத்திக் காட்டினா.

"இதிலை வளைஞ்சு குடுத்தால் இளசு. இறைச்சிக்கு இதுதான் நல்லது. ஆனால் எலும்பு அவிக்கிறதுக்கு முத்தின பேடு எடுங்கோ ஐயா, அதிலைதான் சாரம்."

"இதுகளுக்கு என்ன போடுறனீங்கள்?"

"வருத்தக்காரருக்கு எண்டுறீங்கள், பொய் சொல்லேலாது. காலமையிலை பாம் தீன் ஒரு பிடி போடுறனான். இந்த வெய்யிலுக்கு நிலத்திலை புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. வெறும் மண்ணைக் கிண்டிப்போட்டு எப்பிடி முட்டை இடுறது?"

"தீன் போடாத கோழி எங்கையாவது இருக்குமோ?"

"இருந்தால் எலும்பும் தோலுமாத்தான் இருக்கும், ஐயா."

வாங்கிக்கொண்டு வந்தேன். தீன் கதையை வீட்டில் சொல்லவில்லை. வெளியடுப்பில் நானே அவித்தேன். அவ மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தா, சத்தி எடுத்தா, வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பவும் குடித்தா. மூன்றாம் கிழமை இரத்தம் நின்றது. ஒரு பின்னேரம் எழும்பிப் போய்ச் செம்பரத்தைக்குத் தண்ணீர்கூட ஊற்றினா. பத்து நாள்கூட ஆகவில்லை, திரும்பவும் இரத்தம் போகத் தொடங்கியது.

அந்தக் கிழமையே நாரந்தனைக் கோழிகளுக்கு நோய் வந்தது. நான் போனபோது முற்றம் வெறுமையாகக் கிடந்தது. அந்த அம்மா மண்வெட்டியோடு வேலியோரம் நின்றா. "ஒண்டும் மிஞ்சேல்லை" என்றா. மற்ற ஊர்களிலும் அதே கதைதான். விடிந்தால் அவவுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. நான் கடைக்குப் போய்ப் பாம் கோழி வாங்கினேன். ஊர்க்கோழி என்று சொல்லிக் கொடுத்தேன்.

"இண்டைக்கு இறைச்சி நல்ல மெத்தெண்டு கிடக்கு" என்று சொல்லி, முதல் தடவையாகக் கோப்பையில் வைத்தது முழுவதையும் அவ சாப்பிட்டா. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் பிறகு அதையேதான் வாங்கினேன்.

இடையில் ஒரு நாள், "ஒரு பிடி சோறு தாங்கோவன்" என்று கேட்டா. "கொஞ்சம் பொறும், புண் ஆறட்டும்" என்றேன்.

அடுத்த முறை டொக்டர் அவவை நிறுத்துப் பார்த்துவிட்டு என்னோடு கோபித்தார். "ஆர் இப்பிடிப் பட்டினி போடச் சொன்னது? ஊர்க்கோழியோ பாம் கோழியோ, அதிலை ஒண்டும் இல்லை. முதல்லை சோறு குடுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் குழையச் சோறு காய்ச்சினேன். இரண்டு வாய் சாப்பிட்டா. "கேட்ட நேரம் நல்ல ஆசையா இருந்தது. இப்ப ஏலாமல் கிடக்கு" என்று கோப்பையைத் தள்ளி வைத்தா. பிறகு ஆஸ்பத்திரி, சேலைன், வேறு மருந்துகள். ஒன்றும் பிடிக்கவில்லை. மாசி மாதம் முடிகிறதுக்கிடையில் போய்விட்டா.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவு முடிந்த அடுத்த நாள் கனடாவிலிருந்து தங்கச்சி போன் எடுத்தா. கன நேரம் அழுதா. பிறகு கேட்டா:

"அத்தான், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வாங்கிக் குடுத்தது உண்மையான ஊர்க்கோழிதானோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப ஏன் அத்தான் மாறேல்லை?"

"தெரியாது, பிள்ளை" என்றேன். எந்தக் கோழி என்பதில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னதைத் தங்கச்சிக்கு நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அதை நானே இன்றுவரை முழுதாக நம்பினவன் இல்லை.