சோறு விட்ட நேர்த்தி

வெள்ளிக்கிழமைச் செபமாலைக்கு வருகிற உங்கள் எல்லாரிடமும் நான் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சாட்சி பிறகுதான். போன வருடம், தொண்ணூற்றெட்டில், மாசியில் தொடங்கிப் பங்குனி முழுக்க நான் உடம்பைச் சொறிந்துகொண்டு திரிந்தேனே, நீங்களும் எனக்காக வாரா வாரம் முழங்காலில் நின்றீர்களே, அந்தக் கதையில் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்லியிருந்தேன்.

முதுகில்தான் தொடங்கியது. சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். பிறகு கழுத்தடி, நெஞ்சு, இரண்டு பக்கமும் வலை விரித்த மாதிரி. அரிப்பு, கடி என்றால் அப்படி ஒரு கடி. பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தாலும் இருக்க மாட்டேன், கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் அகப்பைக் காம்புதான் துணை. மாரிக் குளிருக்குத் தோல் காய்ந்துவிட்டது என்றார் என் மனுசன். சவர்க்காரத்தை மாற்று என்றார் ஒருவர். வேப்பெண்ணெய் பூசு என்றார் இன்னொருவர். எங்கள் மாடியில் இருக்கிற ஞானம் அன்ரி மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னா. பூசினேன். கடி நிற்கவில்லை. என்னுடைய நல்ல வெள்ளைச் சட்டை இரண்டும் மஞ்சளானதுதான் மிச்சம். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

குடும்ப டொக்டரிடம் போனேன். கிறீம் தந்தார். பிறகு சாப்பாட்டில் ஏதாவது மாற்றினாயா என்று கேட்டார். இல்லை, எங்கள் வழக்கமான சோறு கறிதான் என்று கண் இமைக்காமல் சொன்னேன்.

அது பச்சைப் பொய். தை மாதத்திலிருந்து என் வாயில் ஒரு பருக்கை சோறு பட்டிருக்கவில்லை.

சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது, சோற்றைப் பாதியாகக் குறை, கொஞ்சம் நட என்று சொன்னதே அந்த டொக்டர்தான். நான் எதையும் பாதியாகச் செய்யத் தெரியாத ஆள். வேலையிடத்தில் லூசியா என்று ஒரு போர்த்துக்கீசப் பெண் மாச்சாப்பாட்டைத் தொடாமலே பாதியாக மெலிந்திருந்தாள். நானும் சோறு, பாண், புட்டு, இடியப்பம், கிழங்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். முட்டை, கோழி, மீன், சீஸ், இவ்வளவுதான் சாப்பாடு. நிறையும் மளமளவென்று இறங்கியது. எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம்.

ஆனால் எங்கள் சனத்தைத் தெரியும்தானே. 'டயற்' என்று சொன்னால் சிரித்துக்கொண்டு இன்னும் இரண்டு கரண்டி போடுவார்கள். நேர்த்தி என்று சொன்னால் மட்டும்தான் கரண்டி கீழே போகும். ஒரு பிறந்தநாள் வீட்டில் ஞானம் அன்ரி சோற்றுக் கோப்பையும் கையுமாக என்னை விடாமல் நிற்க, நான் சோறு விட்டு நேர்த்தி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் நேர்த்திக்கு இறைச்சியை விடுவார்கள், நீ சோற்றை விட்டுவிட்டுக் கோழிக்கால் கடிக்கிறாயே, இதென்ன நேர்த்தி என்று அன்ரி கேட்டா. எனக்குச் சோறுதான் உயிர், அதுதான் அதை விட்டேன் என்றேன். யாருக்காக என்று அடுத்த கேள்வி. தங்கச்சி றெஜியின் பிள்ளை சுகமாகப் பிறக்க வேண்டும் என்று என் வாய் தானாகச் சொன்னது.

றெஜி எனக்கு ஒரே தங்கச்சி. மிசிசாகாவில் இருக்கிறாள். கலியாணம் கட்டி ஏழு வருடத்துக்குப் பிறகுதான் அந்த வயிறு. கனடாவில் அவளுக்கு இரத்த உறவு என்று என்னைத் தவிர ஒருவரும் இல்லை. பிறந்தநாள் வீட்டுக் கதை அன்று பின்னேரமே அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. உடனே எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, என்ரை பிள்ளைக்காகச் சோத்தை விட்டிட்டியே" என்று அழுதாள். அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அழாதே என்று ஆறுதல்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொறி வந்தது. றெஜியின் மனுசன் அன்ரன் ஒருமுறை என் கழுத்தைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. கொப்புளிப்பான் அம்மை என்றால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று அவருக்குப் பயம். "கோவிக்காதேங்கோ மச்சாள். உது என்னெண்டு தெரியிறவரைக்கும் நீங்கள் இஞ்சால வரவேண்டாம்" என்றார். டொக்டர் இது கொப்புளிப்பான் இல்லை என்றார். அப்படியானால் என்ன என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. தோல் டொக்டரைப் பார்க்க வைகாசியில்தான் நாள் கிடைத்தது. பிள்ளை பங்குனியில் பிறக்க இருந்தது.

பொய் நேர்த்தி சொன்னதற்கு மாதா தந்த தண்டனைதான் இது என்று எனக்குள் ஒரு பயம் பிடித்தது. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பொய்யை ஒப்புக்கொள்ளவில்லை. நேர்த்தியை உண்மையாக்கினேன். மாதா, இனி இது மெய்யான நேர்த்தி, சொறி மாறும் வரை சோறு தொட மாட்டேன் என்றேன். தவக்காலமும் வந்தது. ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் இரண்டு முட்டை. மூன்றாம் நாள் சொறி இடுப்புக்கு இறங்கியது. நான் பட்டினி கிடக்கக் கிடக்க அது ஏறிக்கொண்டே போனது. நீங்கள் செபிக்கச் செபிக்கவும் ஏறியது. எனக்குப் பொல்லாத கோபம். மாதாவின் படத்துக்கு முன்னால் நின்று, உமக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று சண்டை பிடித்தேன். என் மனுசன் குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பங்குனிக் கடைசியில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. போனில்தான் அறிந்தேன். பெற்றவளுக்கு மிளகு, சீரகம் அரைத்துச் சரக்குக்கறி காய்ச்ச, வெந்நீர் வைத்துக் குளிப்பாட்ட ஒருவரும் இல்லை. அன்ரனுக்குத் தேத்தண்ணி போடத் தெரியும், அவ்வளவுதான். பத்து நாளாக நான் ஸ்காபரோவில் என் வீட்டில் இருந்து முதுகைச் சொறிந்துகொண்டு அழுதேன். அந்த நாட்களில் ஒருநாள் கோபமெல்லாம் விட்டுப்போய், சொறி இருந்தால் இருக்கட்டும், என்னை எப்படியாவது அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய் விடும் என்று மாதாவிடம் கேட்டேன். அந்தச் செபத்தில் மட்டும் பொய் இருக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமான பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பத்தான் நினைத்தேன். என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாதர் கடைசி வரை கேட்டார். பிறகு, "பொய்யாச் சொன்னது நேர்த்தி இல்லை. பிறகு வைச்சதிலை இருந்து நான் உம்மை விடுவிக்கிறன். உமக்கு அபராதம் மூண்டு. வீட்டை போய்ச் சோறு தின்னும். டொக்டருக்கு உண்மையைச் சொல்லும். தங்கச்சிக்கும் சொல்லும்" என்றார்.

சோறு சுலபமாக இறங்கியது. வெறும் பருப்பும் சோறும்தான், கண்ணீரோடு தின்றேன். அடுத்த நாள் டொக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நல்ல பேச்சு வாங்கினேன். எனக்கு முன்னாலேயே ஒரு தோல் டொக்டருக்குப் போன் எடுத்துப் பேசினார். மாச்சத்தை அடியோடு விட்டவர்களிலும் பட்டினி கிடப்பவர்களிலும் சிலருக்கு இப்படி ஒரு சொறி வருமாம். அரிதாம், ஒருவருக்கும் தொற்றாதாம். முதலே சொல்லியிருந்தால் முதலே யோசித்திருப்பேன் என்றார். ஒரு மருந்தும் எழுதித் தந்து, சோற்றை அளவாகச் சாப்பிடச் சொன்னார். ஒரு கிழமைக்குள் கடி நின்றது. மண்ணிறத் தழும்பு இன்றைக்கும் முதுகில் மங்கலாக இருக்கிறது.

சோறும் மருந்தும் மாற்றிய வருத்தத்துக்கு மாதாவுக்கு ஏன் நன்றி என்று என் மனுசன் கேட்கிறார். சோறுதான் மாற்றியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சோற்றுக்கு முன்னால் என் வாயை உண்மை பேசத் திறக்க வைத்தது யார்? என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அற்புதம் என்று விளங்கும்.

மூன்றாவது அபராதம்தான் மலையாக இருந்தது. றெஜிக்குப் போனில் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். ஐந்து நாள் பேச்சில்லை. ஆறாம் நாள் அவளே எடுத்தாள். "நேர்த்தி பொய்யெண்டாலும் பிள்ளைக்குப் பெரியம்மா நீதானே. வா" என்றாள்.

போனேன். கையைக் கழுவச் சொல்லிவிட்டுப் பிள்ளையை என் மடியில் வைத்தாள். நான் அழுதுகொண்டிருக்க அவள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. இவள் வயித்திலை இருக்கேக்கை இவளுக்காக ஒருநாளாவது மாதாவிட்டைக் கேட்டனியா?"

யோசித்துப் பார்த்தேன். முதலில் என் நிறை, பிறகு என் சொறி. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி இத்தனை மாதம் சோறு விட்டேன், ஒரு நாள்கூட அவளுக்காகக் கேட்கவில்லை. இல்லை என்றேன்.

"அப்ப இப்ப கேள்" என்றாள் றெஜி.

கேட்டேன். பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அவள் தாய்க்கு முன்னால், வாய் திறந்து கேட்டேன். றெஜியும் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு ஆமென் சொன்னாள்.

ஆகவே அன்பானவர்களே, உங்களிலும் சிலர் ஏதோ ஒரு பொய்யை மூடிக்கொண்டு மாதாவிடம் சுகம் கேட்டுக்கொண்டு இருப்பீர்கள். பயப்படாமல் உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். அவ என்னைத் துரத்தவில்லை, உங்களையும் துரத்த மாட்டா.