ஜெசிந்தா அக்காவின் கடவுச்சொல்

மீள்குடியேறிய பெண்கள் தலைமன்னாரில் நடத்திய நண்டுச் சங்கத்துக்குக் கணினி வேலை செய்து கொடுத்தவன் நான். விற்பனை மென்பொருள் சங்கத்துக் கணினியிலேயே இருக்கட்டும் என்றார்கள். உப்புக்காற்று, மின்வெட்டு என்று பயமுறுத்தி, பிடிவாதமாகக் கிளவுட் சேவைக்கு மாற்றினேன்.

ஒருநாள் நண்டு ஏற்ற லொறி வாசலில் நிற்கிறது. சேவை எங்களை உள்ளே விடவில்லை. யாரோ இந்தியாவிலிருந்து நுழைந்ததால் பூட்டிவிட்டதாம். கடவுச்சொல் என்னைத் தவிர, சங்கத்துக் கணக்கைப் பார்க்கும் ஜெசிந்தா அக்காவுக்கு மட்டுமே தெரியும். அவர் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியவர்; தங்கை இன்னும் அங்கேதான்.

"தங்கச்சிக்குக் குடுத்தனீங்களோ?" எல்லோர் முன்னும் கத்தினேன்.

"மாதாவாணை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தம்பி."

சேவைக்காரரை அழைக்கப் போனை எடுத்தேன். திரையில் காலையில் வந்த செய்தி: 'இந்தியாவுக்கு நல்வரவு.' இந்தக் கரையில் போன் அக்கரைக் கோபுரத்தைப் பிடிப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் கடற்கரையில் நின்று சேவைக்குள் நுழைந்தவன் நானேதான்.

திரையை அணைத்து, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிறகு மென்பொருளைச் சங்கத்துக் கணினிக்கே மாற்றினேன். அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன், சங்கத்துக் கந்தோரில் வேறு ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து.