மாற்றாத இடுப்பு

ஒரு கார்த்திகை மாதக் காலையில் என் இடது காலுக்குச் சொக்ஸ் போட முடியாமல் போனது. கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு குனிந்தேன். கை கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. காலைத் தூக்கி மற்றத் தொடையில் வைக்கப் பார்த்தேன். இடுப்பு அதற்கும் மடங்கவில்லை. கணவர் குசினியிலிருந்து தேத்தண்ணீருடன் வந்தார். சொக்ஸைக் கையில் வைத்தபடி நான் இருந்ததைப் பார்த்துவிட்டு, கோப்பையை வைத்தார். நிலத்தில் முழங்காலூன்றி அதைப் போட்டுவிட்டார். எழும்பும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எனக்கு ஐந்தரை மணி பஸ் போய்விடும் என்ற கவலை. வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

நோவு அதற்கு ஆறேழு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். எழும்ப முடியாதவர்களைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுகிற வேலை. அங்கே முதுகடியில், நாரி நோகாத ஒருத்தரும் இல்லை. அதனால் நானும் நாரிப்பிடிப்பு என்றே நினைத்து நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசிக்கொண்டிருந்தேன். நோவு நாரியில் இல்லை, கவட்டுப் பக்கமாகத் தொடங்கி முழங்காலுக்கு இறங்குகிறது என்பதை நான் சரியாகக் கவனித்துச் சொல்லவே இல்லை. வோபர்னில் எங்கள் குடும்ப டொக்டர் என்னைப் படுக்கவைத்து, முழங்காலை மடித்து, காலை ஒரு பக்கமாகத் திருப்பினார். எனக்கு மூச்சு நின்றுபோனது. அவர் உடனே எக்ஸ்ரேக்கு எழுதித் தந்தார்.

இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று வந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது.

கணவர் அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டார். அவருடைய தமக்கைக்கு முந்தைய வருடம்தான் இடுப்பு மாற்றியிருந்தார்கள்.

"அக்காவைப் பாரும். செய்து ஆறாம் மாதம் மகளின்ரை கலியாணத்திலை ஆடினவ. ஒப்பரேஷனைச் செய்து முடிச்சுவிடும்."

"உங்கடை அக்கா ஒபிசிலை இருந்து வேலை செய்யிறவ. நான் ஆக்களைத் தூக்கிறனான்."

"அதுக்காகத்தான் சொல்லுறன்."

எனக்கிருந்த பயத்தை அவருக்குச் சொல்லவில்லை. இடுப்பு ஒப்பரேஷன் முடிந்து எங்கள் இல்லத்துக்கு வருகிறவர்களை நான்தான் பார்க்கிறேன். விழுந்து எலும்பு முறிந்து, தொண்ணூறு வயதில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள். பலர் அதற்குப் பிறகு நடந்ததில்லை. என்னுடைய வயதும் நிலைமையும் வேறு என்று புத்திக்குத் தெரியும். ஆனால் காலையில் அவர்களைக் கழுவிவிட்டு வந்து, மாலையில் என் இடுப்பைப் பற்றி யோசிக்கும்போது புத்தி முன்னுக்கு வருவதில்லை.

எலும்பு டொக்டரைப் பார்க்க அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெட்டையான மனிதர், அதிகம் பேசாதவர். திரையில் எக்ஸ்ரேயைக் காட்டினார். வலப்பக்கத்தில் பந்துபோன்ற எலும்புக்கும் அது இருக்கும் குழிக்கும் நடுவே நல்ல இடைவெளி தெரிந்தது. இடப்பக்கத்தில் ஒரு மெல்லிய கோடு. ஆனால் கோடு இருந்தது. எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள், நித்திரையில் நோ எழுப்புகிறதா, இதுவரைக்கும் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டார். எண்ணெயும் நோவுக்குப் போடும் குளிசையும் என்றேன். அப்படியென்றால் இன்னும் ஒன்றுமே செய்து பார்க்கவில்லை என்றார்.

ஒப்பரேஷன் நல்லதுதான், அதில் தனக்குச் சந்தேகமில்லை, ஆனால் மாற்றுகிற மூட்டும் காலப்போக்கில் தேயும், இந்த வயதில் வைத்தால் இன்னொரு முறை திறக்க வேண்டி வரலாம் என்று விளக்கினார். சின்னத் துளை போட்டு உள்ளே துப்புரவாக்குகிறார்களாமே என்று கேட்டேன். தேய்ந்த மூட்டுக்கு அது உதவாது என்றார். சொந்த இரத்தத்தையே எடுத்து மூட்டுக்குள் ஏற்றுகிற சிகிச்சை பற்றி ஃபோனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதையும் கேட்டேன். அதை நம்பிப் போகச்சொல்லும் அளவுக்கு இன்னும் தெளிவில்லை என்றார். உடற்பயிற்சி, கொஞ்சம் எடை குறைப்பு, ஊன்றி நடக்க ஒரு கைப்பொல்லு, நோ கடுமையானால் மூட்டுக்குள் ஓர் ஊசி. இவ்வளவுதான் அவர் தந்தது. இவை போதாமல் போகும் நாளில் நீங்களே வந்து கேட்பீர்கள், நான் இங்கேதான் இருப்பேன் என்றார்.

வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாராவது ஒருவர் எனக்காக ஒரு முடிவை எடுத்துத் தருவார் என்றுதான் அத்தனை மாதமும் காத்திருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒப்பரேஷன் என்றால் படுத்தால் போதும், மற்றவர்கள் செய்வார்கள். இப்போது எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும். ஏற்கெனவே களைத்துப்போன ஒருத்தியிடம் இன்னொரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதனால் எனக்குச் சுலபமானதை எடுத்தேன். ஊசி. திரையில் பார்த்துப் பார்த்து ஊசியை மூட்டுக்குள் இறக்கினார்கள். நினைத்த அளவுக்கு நோகவில்லை. நான்காம் நாள் காலையில் எழும்பி நடந்தபோது ஏதோ குறைகிறது போல இருந்தது. நோதான் குறைந்திருந்தது. அன்று குனிந்து சொக்ஸை நானே இழுத்துப் போட்டேன். கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்ப சரி," என்று சொல்லிப் போய்விட்டார்.

இல்லத்தில் ஆட்கள் போதாமல் இருந்த காலம். கேட்ட ஷிஃப்ற் எல்லாம் எடுத்தேன். பயிற்சி பற்றித் தந்த கடதாசி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் ஓடியது. பிறகு ஒரு காலையில், குளிப்பாட்டிவிட்டு ஒருவரை நாற்காலிக்குத் திருப்பும்போது, இடுப்பு கொழுவிக்கொண்டதுபோல நின்றது. அவரைப் பத்திரமாக இருத்திவிட்டேன். பிறகு துணிகள் அடுக்கும் அறைக்குள் போய், சலவையிலிருந்து வந்த போர்வைப் பொதியின் மேல் இருந்து அழுதேன். என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, நான் எழும்பும் வரைக்கும் வெளியே காவல் நின்றாள்.

அதற்குப் பிறகுதான் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு ஒரு பிசியோவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது குறைந்த தமிழ்ப் பெண். நான் சொன்னதை எல்லாம் கேட்டு முடித்தாள்.

"அக்கா, ஊசி நோவைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டித் தரும். அந்த நேரத்திலைதான் தசையைப் பலப்படுத்த வேணும். நீங்கள் அந்த மூண்டு மாதமும் என்ன செய்தனீங்கள்?"

"டபுள் ஷிஃப்ற் செய்தனான்."

அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

"கைப்பொல்லு பாவிக்கிறீங்களோ?"

"இல்லை."

"எந்தக் கையிலை பிடிக்க வேணும் எண்டு தெரியும்தானே?"

"நோ இல்லாத பக்கத்துக் கையிலை. இருபது வருசமா மற்ற ஆக்களுக்குச் சொல்லிக்குடுத்துக்கொண்டு வாறன்."

"அப்ப நீங்கள் ஏன் பிடிக்கேல்லை?"

அந்தக் கிழமையே ஒன்று வாங்கினேன். வேலைக்குக் கொண்டுபோன முதல் நாள், நடைபாதையில் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டு அறை வாசலில் இருந்த ஒரு மூதாட்டி மட்டும், நான் போக இடம் விட்டுத் தன் சக்கர நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். பல வருடமாக நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

பிசியோ நடத்தும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். சமூக நிலையத்து மண்டபத்தில், கிழமைக்கு இரண்டு மாலை, எட்டுக் கிழமை. இடுப்பும் முழங்காலும் தேய்ந்த ஏழு பேர். நாற்காலியில் இருந்து கையூன்றாமல் எழும்ப வேண்டும், இருக்க வேண்டும், திரும்ப எழும்ப வேண்டும். முழங்காலுக்கு மேலே ரப்பர் பட்டியைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். முதல் நாள் என்னால் ஐந்து முறைக்கு மேல் எழும்ப முடியவில்லை. வேலை செய்யும்போது நான் என் கையாலும் முதுகாலும்தான் எல்லாவற்றையும் தூக்கியிருக்கிறேன் என்று பிசியோ சொன்னாள். இடுப்பைச் சுற்றியிருந்த தசை எப்போதோ ஓய்ந்துவிட்டதாம்.

கணவருக்குப் பிறம்ரனில் ஒரு பொருள் கிடங்கில் வேலை. அங்கிருந்து நெரிசலுக்குள்ளால் ஓடிவந்து, என்னை ஏற்றிக்கொண்டுபோய் வகுப்பில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே சீற்றைச் சாய்த்து நித்திரை கொள்வார். மூன்றாம் கிழமை கடும் குளிர். பிசியோ ஜன்னலால் பார்த்துவிட்டு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சும்மா இருக்கிறதுக்கு எங்களோடை சேர்ந்து செய்யுங்கோவன், அண்ணை."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் இருந்தார். இரண்டு முறை எழும்பினார். மூன்றாம் முறை இரண்டு கையையும் ஊன்றினார். நான்காம் முறை எழும்பவே இல்லை. பிசியோ என்னைப் பார்த்தாள். நான் அவருடைய முழங்கால்களைப் பார்த்தேன். ஊசி வேலை செய்த மாதங்கள் தவிர, ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு காலையும் அந்த முழங்கால்களை ஊன்றித்தான் எனக்குச் சொக்ஸ் போட்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டேன்.

"எவ்வளவு நாளா நோகுது?"

"இரண்டு வருசம் இருக்கும்."

"ஏன் சொல்லேல்லை?"

"உமக்கு இடுப்பு. இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டிலை ஆர் கேக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. அடுத்த வகுப்புக்கு அவர் பெயரையும் நானே பதிந்தேன்.

எட்டாம் கிழமை முடிவில் என்னால் கையூன்றாமல் பன்னிரண்டு முறை எழும்ப முடிந்தது. நோ போகவில்லை. படியேறினால் இன்னும் கவட்டில் பிடிக்கிறது, மழைக்கு முதல் நாள் குத்துகிறது. ஆனால் வேலை முடிந்து வந்து, படுக்காமல் சமைக்க முடிகிறது. இரவுச் சோற்றைக் குறைத்ததில் எடையும் கொஞ்சம் இறங்கியது. அதைச் சாதனை என்று சொல்ல மனம் வரவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு கிழமை விட்டால் இடுப்பு உடனே சொல்லிவிடுகிறது. வருத்தம் வந்தால் மருந்து எடுத்து மாற்றலாம் என்று நினைத்து வளர்ந்தவள் நான். மாறாத ஒன்றைப் பேணிக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆட்களைத் தூக்கும் வேலையை விட்டுவிட்டேன். இல்லத்தில் சாப்பாட்டு நேர வேலை தந்தார்கள். ஊட்டிவிடுவது, வாய் துடைப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது. மணித்தியாலம் குறைவு. என்னிடமே குளிக்க வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு முதியவரை வேறொருவர் கூட்டிப்போவதைப் பார்க்கும்போது முதல் மாதம் கஷ்டமாக இருந்தது.

இந்த வசந்தத்தில் திரும்ப எலும்பு டொக்டரிடம் போனோம். புதிய எக்ஸ்ரேயில் கோடு இன்னும் மெலிந்திருந்தது. அவர் என்னை நடக்கச் சொன்னார், ஒரு காலில் நிற்கச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழும்பச் சொன்னார். படத்தைவிட ஆள் நன்றாக இருக்கிறீர்கள் என்றார். இப்போது செய்துகொள்கிறீர்களா, பொறுக்கிறீர்களா என்று கேட்டார். பொறுக்கிறேன் என்றேன். அடுத்த வருடம் வரச் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்தில் பாதித் தூரத்தில் நின்று மூச்சு வாங்கினோம். கணவர் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்குச் செய்யத்தானே வேணும்?" என்றார்.

"ஓம். அந்த நாள் வரேக்கை செய்வம்."

"பயமோ?"

"முந்தி இருந்தது. இப்ப களைப்புத்தான்."

அவர் தலையாட்டினார். அது அவருக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகிறோம். எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது நாங்கள் இருவரும் வாங்கிலேயே இருந்துகொள்கிறோம். தொடக்கத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது, கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது திறந்தபடியே இருக்கிறேன். முன்வரிசைகளில் எங்கள் வயதில் இருக்கிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் எங்களைப்போல வாங்கிலேயே இருப்பது தெரிகிறது. பூசை முடிந்ததும் கூட்டம் போகட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, வகுப்பில் பழகியபடி, ஒருவருக்கொருவர் கை கொடுக்காமல், அவரவராக எழும்புகிறோம்.