துரையின் கடிதத்தில் இருந்த தமிழ்

பொய் சொல்லவேண்டும் என்று நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஓட்ஸ் ரொட்டி சாப்பிடத்தான் போனேன்.

மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி. அந்தப் பக்கம் இருப்பவர் ஓய்வுபெற்ற நூலகர், எண்பதை நெருங்கும் பெண்மணி. கனடாவின் கிழக்குக் கரையில் கேப் பிரெட்டன் தீவில் பிறந்தவர், தாய்மொழி கேலிக். ஸ்கொட்லாந்தின் மலைகளிலும் தீவுகளிலும் அந்த மொழி பேசி வாழ்ந்த சனங்களை, மனிதரைவிட ஆடு லாபம் என்று கண்டுகொண்ட நிலப்பிரபுக்கள் ஊர் ஊராகக் கிளப்பிவிட்டார்கள். அப்படிக் கப்பலேறியவர்களின் வழியில் வந்தவர் இவர். மொன்றியலில் தன்னை எல்லோரும் ஆங்கிலக்காரி என்று நினைப்பதில் அவருக்குத் தீராத கோபம்.

என்னை எல்லோரும் யாழ்ப்பாணத்தான் என்று நினைக்கிறார்கள். எனக்குக் கோபமில்லை, நான்தான் அப்படி நினைக்க விட்டேன். பிறந்தது இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். ஏழு வயதில் வன்னிக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டி, ஓம், வாறன், போறன் எல்லாம் நாக்கில் ஏறிவிட்டன.

வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பனி அள்ளிக்கொண்டிருந்த ஒரு காலை, ஏனோ அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் அள்ளுவதை நிறுத்திவிட்டார். "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அந்த மலையில்தான் தோட்டத் துரையாக இருந்தார்" என்றார்.

அடுத்த ஞாயிறு தேநீருக்குக் கூப்பிட்டு, ஒரு கடிதக் கட்டை அவிழ்த்தார். அண்ணன் கனடாவுக்குக் கப்பலேற, தம்பி இலங்கைக்குப் போய்ச் சின்னத்துரையாக, துரைக்கு உதவியாளாகத் தொடங்கியிருக்கிறார். கடிதமெல்லாம் கேலிக்கில், அண்ணனுக்கு. "வீட்டை இழந்து போன மனிதர், உங்கள் சனங்களின் மொழியைப் படித்திருக்கிறார். இதோ அண்ணனுக்கும் சொல்லித் தருகிறார்" என்று ஒரு தாளை நீட்டினார்.

நடுவில் ஆங்கில எழுத்தில் நாலு தமிழ் வசனங்கள் இருந்தன. எழுத்துக் கூட்டி வாசித்தேன். சுறுக்கா வா. வாயை மூடு. பேரை வெட்டு. சாமானை வெளியே போடு.

தோட்டத்தில் பேரை வெட்டினால் வேலை போய்விட்டது என்று பொருள். வேலை போனால் லயத்து அறையும் போகும். நாலாவது வசனம் அதற்குப் பிறகு வருவது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் அவர் சுட்ட ரொட்டி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் முகத்தை முறிக்கிற மாதிரிப் பேச எனக்கு வராது. முதல் மூன்றையும் வேலைத்தலத்துப் பேச்சு என்று தள்ளிவிட்டேன். நாலாவதற்கு, "வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வது. சுமையை வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

பனி கரைந்த பிறகு ஒருநாள், வேலிக்கு மேலால் ஒரு பலகை வந்தது, கூடவே தூரிகையும் கறுப்புப் பெயின்டும். ஆனி மாதம் சொந்தக்காரர் எல்லோரும் கூடுகிறார்களாம். அந்த வரவேற்பு வசனத்தை நான் தமிழில் எழுதித் தரவேண்டும், வாசல் கதவுக்கு மேலே மாட்டுவதற்கு.

பலகையைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி கேட்டாள், நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், பிறகு நிறுத்திவிட்டாள்.

"அப்ப உங்கட அப்பாவின்ர சாமானை வெளியில போடேக்க சொன்னதை அந்த மனுசி வாசல்ல மாட்டப் போகுது. நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கப் போறியள்."

"பேந்து ஆறுதலாச் சொல்லுவம்."

"பேந்து எண்டால் ஒருநாளும் சொல்லமாட்டியள். இப்பவே போங்கோ."

வெறும் பலகையோடு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக அப்பாவின் பேரை வெட்டியதை, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையையும் சாமான்தான் என்று மழையில் தூக்கி வைத்ததை, எல்லாம்.

அவர் பலகையை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். "அதை என் வாசலில் மாட்ட இருந்தேன்" என்றார். பிறகு, "யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னீர்கள்? அவரையா, என்னையா?"

"என்னைத்தான். உங்களுக்கு என்னைப் பிடிக்கவேண்டும் என்று இருந்தது."

கோபத்தில் அவர் கழுத்து சிவந்திருந்தது. எழுந்து போய் இன்னொரு கடிதத்தை எடுத்துவந்து, வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னார். அதே துரை, சிறுவனாக இருந்தபோது நடந்ததை அண்ணனுக்கு நினைவூட்டுகிறார். அம்மாவின் கட்டிலை அம்மாவோடு சேர்த்துத் தூக்கி வெளியே வைத்தார்கள். தூக்கச் சொன்னவன் அவர்கள் குலத்தலைவனின் ஆள், தூரத்துச் சொந்தம். சொன்னது கேலிக்கில்.

"உங்களை வெளியே போட்டது யார்?"

"தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. தமிழன்தான்."

அவர் தலையை ஆட்டினார். இருவரும் சூடாறிய தேநீரைக் குடித்தோம். சிறு வயதில் கேட்ட கட்டளையைக் கடல் கடந்து கொண்டுபோய், இன்னொரு மொழியில் பாடமாக்கி, அதையே உத்தியோகமாகப் பார்த்திருக்கிறார் அந்த மனிதர். இத்தனை பெரிய சாம்ராச்சியம் இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் ஓடியிருக்கவேண்டும். வெளியே போடப்பட்டவனுக்குத்தானே அந்த வேலை நன்றாகத் தெரியும். அவரை வெறுக்கப் பார்த்தேன், முழுதாக முடியவில்லை. மன்னிக்கப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை.

"இரண்டு கடிதத்தையும் அன்றைக்கு வாசிக்கப் போகிறேன். அந்தத் தமிழ் வசனத்தை நீங்கள் வந்து சொல்லவேண்டும், உண்மையில் எப்படிச் சொல்வார்களோ அப்படி. இனிப்பு வேண்டாம்" என்றார்.

ஆனி மாதம் அவர் வீட்டுப் பின்முற்றத்தில் முப்பது பேர் கதிரைகளில் இருந்தார்கள். வாசலில் பலகை இல்லை. அவர் கட்டில் கதையை வாசித்தார், பிறகு துரையின் கடிதத்தை. பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் குரல் எழும்பாது, முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சாமானை வெளியே போடு."

அது என் குரலே இல்லை. லயத்து வாசலில் கேட்ட குரல் அடிவயிற்றிலிருந்து அப்படியே வந்தது, எந்தச் சிரமமும் இல்லாமல். இத்தனை வருடம் அது எனக்குள் சுகமாக இருந்திருக்கிறது என்று நினைக்க உடம்பு கூசியது.

என் மனைவியைத் தவிர அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. முன்வரிசையில் இருந்த அவருடைய மைத்துனர், தொண்ணூறு தாண்டிய கிழவர், எழுந்து நின்றார். தொப்பியையும் கைத்தடியையும் எடுத்துக்கொண்டு, வெளியே போகும் படலை எந்தப் பக்கம் என்று தேடினார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். ஆங்கிலம் வரவில்லை. "இருங்கோ ஐயா, இருங்கோ" என்றேன். அவர் இருந்தார். கூட்டம் முடியும்வரை தொப்பியையும் தடியையும் கையிலிருந்து விடவில்லை.